மாயச் சீட்டுகளின் புணரியல்

சீட்டாட்டத்தைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுதல் தகுமோ என ஐயுறுவோர் இருத்தல் கூடும். சூது செய்த கேட்டினைப் பாரதத்திற் படித்தறிந்த நம்மவர்க்கு அவ்வையம் எழுதல் இயல்பே. ஆயினும் ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பணயம் வைத்தாடும் சூதன்று. 1993ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞராகிய றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பார் இயற்றிய ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் மாயச் சீட்டாட்டமே அது. அதன் வழியில் எழுந்த ஆட்டங்கள் இன்று பல. அவற்றைக் கண்டியிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலும் உயர்வகுப்பு மாணாக்கர் சிலர் கைப்பேசித் திரையிலும் அட்டைச் சீட்டிலும் ஆடக் காண்கிறோம்.

இவ்வாட்டத்தின் சீட்டுகள் நாமறிந்த சீட்டுகள் போல்வன அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும். பூதமோ, போர்வீரனோ, மந்திரமோ, நிலமோ ஒன்று தீட்டப்பட்டிருக்கும். படத்தின்கீழ் அச்சீட்டு யாது செய்யவல்லது என்பது சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும். அவ்வரிகளே அதன் ஆற்றல். ஆடுவோர் தாமே தெரிந்தெடுத்த அறுபது சீட்டுகளைக் கட்டாகக் கொண்டு எதிரெதிர் அமர்வர். முதற் பதிப்பில் 295 சீட்டுகளே இருந்தன. இன்று 25,000க்கு மேற்பட்ட வேறுவேறு சீட்டுகள் உள. இவற்றுள் எதனோடு எது சந்திக்கும் என்பதை எழுதினவரே அறியார். அவ்வாறு சந்திக்குங்கால் எவ்வாற்றல் நிற்கும், எது கெடும், அதனை முடிவுசெய்யும் விதி யாது, அவ்விதி நல்லதா என்பனவே நம் வினாக்கள். இவ்வாட்டத்தை ஒரு நூலைப்போல எடுத்து மதிப்பிடப் புகுகின்றோம் என்க.

முதற்கண், எழுத்தொன்றும் இல்லாத சாதாரணச் சீட்டும் ஆற்றலுடையதே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாடு வரை தமிழர் வீடுகளில் ஆடப்படும் முந்நூற்றுநாலில் ஜாக் முப்பது, ஒன்பது இருபது, ஆசு பதினொன்று, பத்து பத்தே, இராசா மூன்று, இராணி இரண்டு, எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஓரினத்துக்கு எழுபத்தாறு, நான்கினத்துக்கு முந்நூற்றுநான்கு. அதே முப்பத்திரண்டு சீட்டுகளை எடுத்து நம் சிங்கள அயலவர் ‘ஓமி’ ஆடுகின்றனர். அங்கே ஆசே தலை. ஜாக் இராணிக்கும் கீழ்ப்பட்டவன். ஒரே அட்டை ஒரு முற்றத்தில் மன்னனாயும் அடுத்த முற்றத்தில் ஏவலனாயும் இருக்கின்றது. அவர்கள் வழங்கும் இஸ்கோப்ப, கலாபர, ருயித, ஹாரத என்னும் இனப்பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை என்பது மொழியாராய்வார்க்குச் சுவை தரும் செய்தி. அது நிற்க.

முந்நூற்றுநாலின் நுட்பம் துரும்பிலே உளது. கேள்வி கேட்டு வென்றவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார், அதன் இனமே துரும்பு, பிறர் அறியார். இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் தம் சீட்டொன்றைக் கவிழ்த்துப் போடுகிறார். சுற்று முடிந்தபின் துரும்பு வைத்தவர் கவிழ்ந்த சீட்டுகளைப் பார்த்து, அவற்றுள் துரும்பு உண்டாயின் திறந்து காட்டுகிறார். ஆகவே போடும்போது வெறுஞ்சீட்டாயிருந்த ஏழு, சுற்றின் முடிவில் ஆசையும் வெட்டிய வீரனாக எழுகின்றது. துரும்பு என்ற சொல் நம் மொழியில் உலர்ந்த புல்லையும் குறிக்கும். வல்லவன் கையிற் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியை அறிந்தவர்க்கு இப்பெயரொற்றுமை நகை விளைக்கும்.

இந்தியாவின் பழைய கஞ்சிபாச் சீட்டுகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. தசாவதாரக் கஞ்சிபாவில் பத்து அவதாரங்களுக்குப் பத்தினம். இனத்துக்குப் பன்னிரண்டாக 120 வட்டச் சீட்டுகள். அரசனும் அமைச்சனும் எல்லா இனத்திலும் மேற்பட்டவர்கள். எஞ்சிய எண்சீட்டுகளோ பாதி இனங்களிற் பத்திலிருந்து ஒன்றாக இறங்கும். மறுபாதியில் ஒன்றே உயர்ந்து பத்தே தாழ்ந்ததாகும். பகலில் ஆட்டம் தொடங்கின் இராமனுக்கு முதன்மை, இரவிற் கண்ணனுக்கு. வானத்துச் சூரியனும் சீட்டின் ஆற்றலில் ஒரு பங்கு கொள்கின்றான். இவ்வகை ஆட்டங்களில் ஆற்றல் அட்டையில் எழுதப்பட்டிலது. இடமும் காலமும் இனமும் அதனைத் தருகின்றன. கார்ஃபீல்ட் செய்த புதுமை ஆற்றலைச் சொல்லாக்கி அட்டையிலேயே பொறித்தமை. சொல் வந்தவுடன் பொருள்கோளும் வந்தது. பொருள்கோள் வந்தவுடன் முரணும் வந்தது.

முரண் தீர்ப்பதற்கு மேஜிக் கொண்ட தலைமை விதி ஒன்றுண்டு. ஆட்டத்தின் பொதுவிதியும் ஒரு சீட்டின் சொல்லும் மாறுபடின் சீட்டின் சொல்லே வெல்லும். இது நமக்குப் புதிதன்று. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்பதை இலக்கணம் கற்பார் முதலாண்டிலேயே அறிகின்றனர். அடுத்த விதி: ஒரு சீட்டு ‘செய்யலாம்’ எனவும் இன்னொன்று ‘செய்யலாகாது’ எனவும் கூறின், ஆகாது என்பதே நிற்கும். விலக்கு ஏவலினும் வலிது என்றபடி. இவ்விரண்டு விதிகளையும் கொண்டே பெரும்பாலான சந்திப்புகள் தீர்ந்துவிடுகின்றன.

வகுப்பில் ஆண்டுதோறும் புணரியல் கற்பிக்கும் எனக்கு, இச்சந்திப்புகளைப் பார்க்குந்தோறும் நிலைமொழியும் வருமொழியுமே நினைவுக்கு வருகின்றன. இரு சொற்கள் கூடுமிடத்து ஒன்றும் நிகழாதிருப்பின் இயல்பு. நிகழின் தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாகுமிடத்து, இரண்டிலும் இல்லாத ஓர் ஒற்று இடையில் தோன்றுகிறது. மேஜிக்கிலும் அவ்வாறே. ஓர் ஆற்றல் நச்சுத் தீண்டல். அதனையுடைய உயிர் சிறிதளவு காயம் செய்தாலும் தீண்டப்பட்டது மாளும். மற்றோர் ஆற்றல் மிதித்தேகல். தடுத்தவனைக் கொல்லப் போதுமானதற்கு மேற்பட்ட தாக்குதல் பின்னிற்கும் ஆட்டக்காரர்மேற் பாயும். ஆறளவு தாக்கும் உயிரொன்றை ஐந்தளவு தாங்கும் யானை தடுத்ததாகக் கொள்வோம். மிதித்தேகல் மட்டும் இருப்பின் ஒன்றே அப்பாற் செல்லும். நஞ்சும் கூடியிருப்பின் யானைக்கு ஒன்று போதும். ஐந்து அப்பாற் செல்லும். இவ்வைந்து எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. இரு சொற்களுக்கும் இடையே தோன்றியது அது.

இனி, முறையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஒருவர் மந்திரச் சீட்டொன்றை இட்டவுடன் அது பலித்துவிடுவதில்லை. மற்றவர் விடையாக இன்னொன்றை அதன்மேல் இடலாம். அதற்கு விடையாக முன்னவர் மூன்றாவதை இடலாம். எல்லாரும் கைவாங்கியபின், கடைசியில் இட்டதே முதலிற் பலிக்கும். கலியாண வீட்டிற் கழுவி அடுக்கிய தட்டுகளில் மேலே வைத்ததை முதலில் எடுப்பது போன்றது இது. 1999இல் வந்த ஆறாம் பதிப்போடுதான் இவ்வடுக்குமுறை விதியாயிற்று. அதற்கு முன்னிருந்த ஏற்பாடு மிகச் சிக்கலானது.

இதன் சுவையை இரண்டே எளிய சீட்டுகளால் விளக்கலாம். ஒன்று மூன்றளவு எரிக்கும் மின்னல். மற்றொன்று ஒருயிரின் வலியையும் தாங்குதிறனையும் அப்போதைக்கு மும்மூன்று கூட்டும் வளர்ச்சி மந்திரம். இரண்டளவு தாங்கும் கரடியின்மீது நான் மின்னலை ஏவுகின்றேன். நீர் விடையாக வளர்ச்சியை இடுகின்றீர். வளர்ச்சி முதலிற் பலிக்கக் கரடி ஐந்தளவு தாங்குவதாகின்றது. பின் வந்த மின்னல் அதனைச் சுடுகிறதேயன்றிக் கொல்லவில்லை. மாறாக, நீர் முந்திக்கொண்டு கரடியை வளர்க்க முயல, நான் விடையாக மின்னலை இடின், மின்னல் முதலிற் பலிக்கும்; கரடி மாளும்; வளர்ச்சி வந்து பார்க்குமிடத்து வளர்தற்கு ஒன்றும் இல்லை. சீட்டுகள் அவையே, ஆற்றல்களும் அவையே, முறை மாறிற்று, முடிவும் மாறிற்று. பொறுத்திருந்தவர் வென்றார்.

இதிகாசங்களில் தீக்கணைக்கு வருணன் கணையும் நாகக்கணைக்குக் கருடன் கணையும் விடையாக விடப்படுதலைப் படித்த மாணாக்கன் இவ்வடுக்குமுறையை ஒருமுறை கேட்டாலே விளங்கிக்கொள்கிறான். அன்றியும், படைக்கலங்களின் ஆற்றல்கள் ஒன்றையொன்று கெடுத்தலும் நம் இலக்கியத்திற் பழைய செய்தியே. வான்மீகத்தில் இந்திரசித்து ஏவிய பிரமன்படை அனுமனைக் கட்டுகின்றது. அரக்கர் வந்து நார்க்கயிற்றாலும் அவனைக் கட்டுகின்றனர். வேறொரு கட்டோடு சேர்ந்திருக்க ஒவ்வாத பிரமன்படை உடனே விட்டுநீங்குகின்றது. வலிய கட்டை எளிய கயிறு அவிழ்த்துவிட்டது! இந்திரசித்து அதனைக் கண்டு வருந்துகிறான். அனுமனோ இராவணனைக் காணவேண்டிக் கட்டுண்டவன் போலவே செல்கின்றான். மேஜிக் ஆடுவோன் ஒருவனுக்கு இப்பகுதியைச் சொல்லிப் பாருங்கள். அரக்கர் செய்த பிழை யாது என்பதை அவன் நொடியிற் கூறுவான்.

இத்துணையும் ஒற்றுமை. வேற்றுமை எங்கே தொடங்குகின்றது என்பதற்கு வரங்களைப் பார்க்கவேண்டும்.

இரணியன் பெற்ற வரம் சொல்லாற் கட்டிய அரண். மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறம்பும் சாவில்லை என்று அவன் சொல் தேடித் தேடி அடைத்தான். அடைத்த சொற்களுக்கு இடையேயிருந்த சந்தியில் நரசிங்கம் தோன்றிற்று. மேஜிக்கில் 2004இல் ‘டார்க்ஸ்டீல்’ என்னும் தொகுதி அழியாமை என்ற ஆற்றலைக் கொண்டுவந்தது. பதினொன்றளவு வலியும் பதினொன்றளவு தாங்குதிறனும் உடைய ‘டார்க்ஸ்டீல் கொலாசஸ்’ என்னும் பேருருவை எந்தத் தாக்குதலும் அழிக்காது. நச்சுத் தீண்டலும் அழிக்காது. ஆயின் அதன் தாங்குதிறனைக் குறைத்துக் குறைத்துச் சுழியாக்கினால் அது மாளும். எங்ஙனமெனின், சுழியான உயிர் ‘அழிக்கப்படுவதில்லை’, இடுகாட்டில் ‘வைக்கப்படுகின்றது’. வரம் அழிவைத்தான் தடுத்தது. உகிரும் வாயிற்படியும் அந்திப்பொழுதும் போன்ற வழியே இது. சொல்லை இவ்வளவு கூர்ந்து படிக்கும் பயிற்சியை இளைஞர்க்கு வேறெந்த விளையாட்டும் தரக் கண்டிலேன். உரையாசிரியர்களிடத்து ஓர் ஏகாரத்துக்கும் உம்மைக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் வருவதைக் கண்டு சலிக்கும் மாணவன், சீட்டில் ‘ஒவ்வொரு’ என்றிருக்கிறதா ‘ஏதேனும் ஒரு’ என்றிருக்கிறதா என்பதற்காக அரைமணி நேரம் வாதாடுகிறான்.

வாலியின் வரம் இதனினும் நுட்பமானது. எதிர்த்து நிற்பவனுடைய வலியிற் பாதி வாலியைச் சேரும். ஆகவே அவனை எதிர்த்து வெல்லல் அரிது. இராமன் எதிர்நில்லாது மறைந்து நின்று எய்தான். மேஜிக்கில் இதற்கு நேரான சந்திப்பு உண்டு. ‘எந்த மந்திரத்துக்கும் இலக்காகாது’ என்னும் ஆற்றலுடைய உயிரை மின்னலால் எரிக்க இயலாது. மின்னல் இலக்கு வேண்டுவது. ஆனால் முதற் பதிப்பிலேயே உள்ள ‘றாத் ஒஃப் கோட்’ என்னும் இறைச்சினச் சீட்டு எந்த உயிரையும் இலக்காக்குவதில்லை. களத்தில் உள்ள எல்லா உயிரையும் அழிக்கின்றது. இலக்காகாத உயிரும் அதனோடு மாள்கின்றது. காப்பு கேட்ட கேள்விக்கு வெளியே சாவு வந்து நின்றது. வாலிக்கு நேர்ந்ததும் அதுவே.

இங்குதான் திறனாய்வாளன் நின்று நோக்கவேண்டும். மேஜிக் ஆட்டத்தில் இச்சந்திப்பு நிகழ்ந்தவுடன் ஆட்டக்காரர் இருவரும் சீட்டைப் பார்க்கின்றனர், விதியை ஒப்புகின்றனர், இறந்ததை இடுகாட்டில் வைக்கின்றனர், ஆட்டம் தொடர்கின்றது. கம்பனில் அம்பு பாய்ந்தபின்புதான் படலமே தொடங்குகின்றது எனலாம். வீழ்ந்தவன் கேட்கின்றான், எய்தவன் விடைசொல்ல வேண்டியிருக்கின்றது, சொன்ன விடைகள் போதுமா என்று நம் பட்டிமன்றங்கள் இன்றுவரை வழக்காடுகின்றன. வரத்தின் சொல்லுக்குப் புறம்பாகச் செல்ல வழியுண்டு என்பது கதையில் ஐயமற்ற செய்தி. அவ்வழியாற் சென்றவன் செய்தது முறையா என்பதே வினா. இவ்வினாவுக்கு ஆட்டத்தில் இடமில்லை. சீட்டு செய்யவல்லது யாவும் செய்யத்தக்கதாகவே கொள்ளப்படும். ஆற்றல்களின் புணர்ச்சிக்கு மேஜிக் அரியதோர் இலக்கணம் வகுத்திருக்கின்றது. அதற்கு மேற்பட்ட பொருளதிகாரம் ஒன்றை அது பெரும்பாலும் எழுதவில்லை.

‘பெரும்பாலும்’ என்றது, எழுதிய சீட்டுகளும் சில உண்மையின். முதற் பதிப்பில் ‘சோட்ஸ் டு பிளவ்ஷெயர்ஸ்’ என்றொரு சீட்டு உளது. வாளை உருக்கிக் கொழுவாக்குதல் என்னும் விவிலியத் தொடர் அதன் பெயர். பகைவனின் வீரன் ஒருவனை அது களத்திலிருந்தே அப்புறப்படுத்துகின்றது. அவனை உடையவர்க்கோ அவன் வலியளவு உயிர்நிலை கூடுகின்றது. அழியாத பேருருவும் இதற்குத் தப்பாது, இது அழிப்பதன்றே! பதினொன்றளவு வலியுடைய அப்பேருருவின்மீது இதனை ஏவுபவர் பகைவர்க்குப் பதினொன்றளவு வாழ்வைத் தாமே கொடுக்கின்றார். எவ்வளவு கொடிய போர்வீரனோ அவ்வளவு நல்ல உழவன். விதியும் பொருளும் இங்கே ஒரே வரியில் உடம்பும் உயிரும் போல நிற்கின்றன. எழுதியவர் கணிதர் மட்டுமல்லர் என்று இச்சீட்டைக் கண்டபின் எண்ணத் தோன்றுகின்றது.

அப்பதிப்பிலேயே ‘லோட் ஒஃப் த பிட்’ என்னும் பாதாளப் பூதமும் உண்டு. ஏழளவு வலியோடு பறந்து வந்து மிதிக்கும் அது, தன் ஆட்டக்காரரின் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் அவருடைய வேறோர் உயிரைப் பலியாகக் கேட்கும். கொடுக்க இல்லையாயின் அவர்மீதே ஏழளவு பாயும். ‘வேலை கொடு, இல்லையேல் உன்னைத் தின்பேன்’ என்ற பூதத்துக்கு நாய்வாலை நிமிர்த்தும் வேலையைக் கொடுத்துத் தப்பியவன் கதையைப் பாட்டியர் வாயிற் கேட்டவர்க்கு இச்சீட்டு வேற்று நாட்டதாகத் தோன்றாது. ஆட்டக்காரர் என்ன செய்கின்றனர்? சிறு சிறு உயிர்களை இடையறாது பிறப்பிக்கும் வேறொரு சீட்டைத் தேடி இதனோடு சேர்க்கின்றனர். நாய்வாலும் அதுதான்.

இனிக் கடினமான பகுதி. நிலையாகக் களத்தில் இருந்து ஆட்சிசெய்யும் ஆற்றல்கள் மோதும்போது அடுக்குமுறை உதவாது; எல்லாம் ஒருங்கே நிகழ்வன ஆகலின். இதற்கு மேஜிக் ஏழு படிகளை வகுத்துள்ளது. பிறிதொன்றின் படியாதல், உடைமை மாறுதல், சொல் மாறுதல், வகை மாறுதல், நிறம் மாறுதல், ஆற்றல் பெறுதலும் இழத்தலும், வலியளவு மாறுதல் என்பன அவை. எச்சீட்டு முதலில் வந்தது என்பது ஒரே படிக்குள் மட்டுமே வினா, படிகளுக்கிடையே அன்று. எசல பெரஹரவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தின் பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் இம்முறையிலேயே வருவதைக் கண்டியில் வாழ்வோர் அறிவர். பத்தினி தேவாலயத்து யானை முந்திவந்து நின்றது என்பதற்காக அது முன்செல்வதில்லை.

இப்படிகளுக்கு உரைகல்லாக ஆட்டக்காரர் காட்டும் இணை, 1997இல் வந்த ‘ஹியூமிலிட்டி’யும் 1999இல் வந்த ‘ஓபலெசென்ஸ்’உம் ஆகும். முன்னதன் பெயர்ப்பொருள் தாழ்மை. அது களத்தில் இருக்க, எல்லா உயிர்களும் தம் ஆற்றலனைத்தையும் இழந்து ஓரளவு வலியே உடையனவாகும். பின்னது, தானொழிந்த நிலைமந்திரச் சீட்டுகளை உயிர்களாக்கி, அவற்றின் விலையளவு வலியைக் கொடுக்கும். இரண்டும் ஒருங்கிருப்பின், நிலைமந்திரமாகிய தாழ்மையும் உயிராகின்றது. உயிரானமையால் தன் கட்டளைக்குத் தானே உட்பட்டுத் தன் ஆற்றலை இழக்கின்றது. ஆற்றலை இழந்தபின் கட்டளை ஏது? கட்டளை இல்லையேல் ஆற்றலை இழந்ததும் ஏது? தருக்கநூலார் இதனைத் தன்னைப் பற்றுதல் என்னும் குற்றமாகக் காட்டுவர். விதி கூறும் விடை இது: ஒரு படியிற் செயற்படத் தொடங்கிய ஆணை, இடையே அதன் மூலம் கெட்டாலும், எஞ்சிய படிகளிலும் சென்று முடியும். ஆகவே ஆறாம் படியில் தாழ்மை தன் சொல்லை இழக்கின்றது. ஏழாம் படியிலும் அதன் ஆணை நடக்கின்றது. வலியளவு மட்டும் வந்த முறையால் தீரும். தாழ்மை பின்வந்ததாயின் எல்லாம் ஓரளவே. ஓபலெசென்ஸ் பின்வந்ததாயின், நான்கு விலையுடைய தாழ்மை நான்களவு வலியுடையதாய் நிற்கும்.

பின்வந்தது வெல்லும் என்னும் இவ்விதி பாணினியாரை நினைவூட்டுகின்றது. ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களால் இயன்ற அவரது நூலில், இரு விதிகள் மோதுமிடத்துப் பின்னது மேற்படும் என்பது ஒரு சூத்திரத்தின் கருத்து. ‘பின்’ என்பது நூலிற் பின்வைக்கப்பட்டது என்பதே மரபுவழி உரை. சொல்லில் வலப்பக்கத்தே நிற்கும் உறுப்பைப் பற்றிய விதி என்றே அதற்குப் பொருள் என, 2022இல் வெளிவந்த தம் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியில் ரிஷி ராஜ்போபட் வாதிட்டார். அறிஞர் பலர் அதனை ஒப்பவில்லை. ‘பின்’ என்னும் ஒரு சொல்லுக்கு உரை காண இத்துணைக் காலமாயிற்று. மேஜிக்கின் விதிநூல் 250 பக்கங்களுக்கு மேற்பட்டதாய் இருப்பதையும், அது புதிய தொகுதிதோறும் திருத்தப்படுவதையும் கண்டு நாம் ஏளனம் செய்யலாகாது.

காலமுறையையும் வெல்லும் விதியொன்றும் அந்நூலில் உண்டு. 1994ஆம் ஆண்டின் ‘பிளட் மூன்’ என்னும் குருதித் திங்கள், சிறப்பு நிலங்களையெல்லாம் வெறும் மலைகளாக்கி அவற்றின் சொந்த ஆற்றலை ஒழிக்கும். 2007ஆம் ஆண்டின் ‘அர்போர்க்’ என்பது ஒரு சிறப்பு நிலம்; எல்லா நிலங்களும் சதுப்பு நிலங்களுமாம் என்பது அதன் கூற்று. அர்போர்க் முன்வரினும் பின்வரினும், குருதித் திங்களே முதலிற் கொள்ளப்படும். அர்போர்க் வாய்மூடிய மலையாகும். ஒன்றின் பேச்சுரிமையையே மற்றொன்று நீக்குமாயின், நீக்குவதை முதலிற் கேட்கவேண்டும் என்பது கருத்து. காரணம் நீங்கியவிடத்துக் காரியமும் நீங்கும் என்னும் வடமொழி இலக்கண நியாயத்தோடு இது பொருந்தும்.

இப்பகுதியைப் பற்றிய என் மதிப்பீடு இருதலைப்பட்டது. படிகளும் காலமுறைகளும் அறிவுக்கு விருந்தாகலாம். கற்பனைக்கு உணவாதல் அரிது. சீட்டிலே காணப்படாத பட்டியலொன்றைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும்போது, பூதமும் திங்களும் மறைந்து வழக்குமன்றமே எஞ்சுகின்றது. 2019இல் சேர்ச்சில், பிடர்மன், ஹெரிக் என்னும் மூவர் இவ்வாட்டத்தின் சீட்டுகளைக் கொண்டே எக்கணிப்பையும் நடத்தும் பொறியொன்றை அமைக்கலாம் எனவும், அதனால் ஆட்டத்தின் முடிவை எப்போதும் முன்னறிதற்குப் பொதுவழி இல்லை எனவும் நிறுவினர். அது கணிதத்துக்குப் பெருமை. எனினும், தாழ்மையின் சந்திப்பில் நான் மேலே சொல்லாத ஒன்றுண்டு. தாழ்மை தானும் தாழ்ந்து, தன் சொல்லையும் இழந்து, பிறரைத் தாழ்த்தும் தொழிலை மட்டும் விடாதிருக்கின்றது. இதனை எழுதியவர் எண்ணி எழுதவில்லை. இரண்டாண்டு கழித்து வந்த வேறொரு சீட்டு அதனை வெளிக்கொணர்ந்தது. எந்த ஊரிலும் இத்தகைய தாழ்மையாளர் இருவரையேனும் காணலாம்.

சீட்டுகள் மூடிய பொதிகளில் விற்கப்படுதலும், உள்ளிருப்பது யாதென அறியாது வாங்குதலும், அருஞ்சீட்டுக்கு ஏறிய விலையும் நான் விரும்பாதவை. ‘பிளக் லோட்டஸ்’ என்னும் சீட்டொன்று 2021இல் ஏலத்தில் 511,100 டொலருக்கு விலைபோயிற்று. ஏழை மாணவன் ஒருவன் வெள்ளைக் கடதாசியில் எழுதிக்கொண்ட சீட்டும் ஆற்றலில் அதற்கு இணையே. விதி சொல்லில் இருக்கின்றது, அட்டையில் இல்லை.

அவ்வாறு எழுதிக்கொள்ளும் மாணவர் இருவர் பாரத வீரர்களைச் சீட்டாக்க முயன்றதை அறிவேன். கடோற்கசன் எளிதில் அமைந்தான். ஒருமுறை மட்டும் பயன்படும் சக்திவேலைத் தன்மேல் வாங்கி அருச்சுனனைக் காப்பது அவன் ஆற்றல். சிகண்டியும் வீடுமனும் அமைந்தனர். சிகண்டி எதிர்நிற்பின் வீடுமன் தாக்கான் என ஒருவரி போதுமாயிற்று. கர்ணனிடத்தே வேலை தடைப்பட்டது. கவசம் உள்ளவரை அவனை அழித்தலாகாது என்பது முதல் வரி. இரண்டாம் வரியில் ஒருவன், ‘பகைவர் கேட்பின் கவசத்தை ஈந்து சக்திவேலைப் பெறலாம்’ என்றெழுதினான். அப்படியாயின் அது பண்டமாற்று. இலாபமுள்ளபோது மட்டும் ஆட்டக்காரர் செய்வார். கர்ணன் கேடென்று சூரியன் வந்து சொல்லக் கேட்டபின் கொடுத்தவன் என்றான் மற்றவன். அவன் ‘ஈதல் வேண்டும்’ எனத் திருத்தினான். அப்போது முன்னவன், கட்டாயத்தாற் கொடுப்பது எப்படி ஈகையாகும் என்று மடக்கினான். ஈயலாம், ஈதல் வேண்டும் என்னும் இரண்டையும் அவர்கள் மாறிமாறி எழுதி அழித்ததால் அக்கடதாசி அவ்விடத்திற் கிழிந்துபோயிற்று. கர்ணன் இல்லாமலே கட்டு இப்போது ஆடப்படுகின்றது.